அரிசி மூட்டையும் சதானந்தனும்

போன வருஷம் எங்கள் குட்டநாட்டுப் பக்கம் ஆற்றுக் கரை உடைந்தபோது, என் புருஷனை என்னால் தூக்க முடியவில்லை. தென்னையிலிருந்து விழுந்ததிலிருந்து அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. கட்டிலை மூடித் தண்ணீர் ஏறியது. அவர் தலையை மட்டும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, படகு வரும்வரை கத்திக்கொண்டே இருந்தேன். மொட்டை மாடி மேலேதான் இருக்கிறது. என்ன பிரயோஜனம்?

இனி யாரையும் நம்பிக் கத்துவதில்லை என்று முடிவு செய்தேன். அடுத்த மழைக்குள் இந்த மனுஷனை முதுகில் சுமந்து மாடி ஏறியாக வேண்டும்.

குவைத் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லித் தரும் எங்கள் மகள் நீதுவிடம் கேட்டேன். வீட்டில் என்ன இருக்கிறது என்றாள். நாற்காலி, பெயின்ட் வாளி, சாக்கு, கயிறு. போதும் என்றாள். ஊறுகாய் ஜாடியில் போனைச் சாய்த்து வைத்துத் தொடங்கினேன்.

“அம்மா, முதுக வளைக்காதே! நாற்காலில உக்கார்ற மாதிரி இடுப்ப பின்னால தள்ளு.”

“நாற்காலில உக்காந்தா நான் ஏன்டி எந்திரிக்கப் போறேன்?”

“வாய்க்கு மட்டும் பயிற்சியே வேணாம் உனக்கு.”

முதலில் மணல் வாளி. பிறகு சாக்கில் கொஞ்சம் குத்தரிசி போட்டு முதுகில் கட்டிக்கொண்டு படி ஏறினேன். ஒருநாள் தூக்கினால் மறுநாள் ஓய்வு என்றாள் நீது. மழை ஓய்வெடுக்குமா? அவளுக்குத் தெரியாமல் தினமும் தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் கட்டிலில், நான் தரையில். ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. அன்றைக்குப் பயந்த பயம்! அதற்குப் பிறகு அவள் சொன்னபடியே கேட்டேன்.

“விலாசினி, இப்பல்லாம் என்னை விட அந்தச் சாக்கத்தான் அதிகமா கட்டிப் பிடிக்கிறே,” என்றார் சதானந்தன்.

“அது எதிர்த்துப் பேசாது சேட்டா.”

வாரா வாரம் அரிசி கூட்டினேன். அவரைத் திருப்பிப் படுக்க வைப்பது சுலபமாகிக்கொண்டே வந்தது. என் கைபலம்தான் என்று எனக்கு ஒரே பெருமை. ஆனால் மூட்டை ஓர் இடத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு படி அரிசி போட்டாலும் முழங்கால் மடங்கியது. வானமோ கறுத்துக்கொண்டு வந்தது.

“இன்னும் எவ்வளவு தூக்கணும்?” என்று கேட்டார்.

“பத்து கிலோவாவது இருக்கும்,” என்று சொல்லித் தொலைத்தேன்.

“அவ்வளவுதானா?” என்றார்.

அவர் ஜன்னலடியில் எந்நேரமும் வாத்துக் கூட்டம். சனியன்கள், விரட்டினாலும் போகாது. தட்டைக் காலியாக நீட்டி, “மீன்குழம்பு பிரமாதம்,” என்பார். சட்டை தொளதொளவென்று இருந்தது. கவலையில் மெலிகிறார் என்று நினைத்தேன். நானும்தான் மெலிந்திருந்தேன்.

ஆனி மழையில் ஒரு காலை நேரம் கரை உடைந்தது. கூச்சல் கேட்டு ஓடினேன். வாசலில் தண்ணீர். அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றுப் பானையை அப்படியே விட்டுவிட்டு, கட்டில் ஓரத்தில் முதுகு காட்டி உட்கார்ந்தேன். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார். கயிற்றை இறுக்கினேன். தெய்வமே, முழங்கால் மட்டும் மடங்கக் கூடாது. எழுந்தேன்.

எழுந்துவிட்டேன்! பாதிப் படியில்தான் உறைத்தது. இது என் மூட்டையை விடக் கனம் குறைவு. முதுகில் அவர் விலா எலும்பு குத்தியது. ஜன்னலும் வாத்துகளும் ஞாபகம் வந்தன.

மாடியில் இறக்கினேன். மழையோடு மழையாக அழுதேன்.

“நான் அரிசிய ஏத்திக்கிட்டே போறேன், நீங்க சோத்தக் குறைச்சுக்கிட்டே வந்தீங்களா? புத்தி இருக்கா மனுஷா?”

“முழங்கால் மடங்குச்சுன்னா நீயும்ல என்னோட போயிருவே,” என்றார்.

அவர் மேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, மிதந்துகொண்டிருந்த சோற்றுப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். வாத்துகள் படிவரை நீந்திப் பின்னாலேயே வந்தன.

அவர் வாயில் ஒவ்வொரு கவளமாக ஊட்டினேன். வாத்துகளுக்கு ஒரு பருக்கை போடவில்லை.