சோம்பேறி ஒட்டிய கல்

ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி நடைவழியில் சூப்பர்வைசர் இரும்புக் கம்பியால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தார். வலது பக்கத்துக் கற்கள் டொக் டொக்கென்று ஒழுங்காகப் பதில் சொல்லின. இடது பக்கம் வந்ததும் காலி டப்பாவைத் தட்டினாற்போல் சத்தம் மாறியது. அவர் பின்னாலேயே நடந்து வந்த அக்கா குனிந்து அந்தக் கல்லைப் பார்த்தாள்.

"நாற்பத்தோரு கல்லு. அடியில பூரா காத்து. நாளைக்கு ஸ்ட்ரெச்சர் உருண்டா ஒவ்வொண்ணா விரிசல் விடும். யாரு வேலைன்னு நான் வேற சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. தரைக்கல் ஒட்டும் எட்டுப் பேர் கொண்ட அந்தக் குழு அவளுடையது. அந்த எட்டில் ஒருவன் அவளுடைய தம்பி. சாயங்காலம் வீடு திரும்பியதும் மொட்டை மாடியில் உட்கார்ந்து கஞ்சா இழுப்பான். ஊரில் அதைச் செய்கிறவர்கள் மறைத்துக்கொள்வார்கள். இவனோ, டீ குடிக்கும் நேரத்தில் சூப்பர்வைசர் சும்மா விசாரித்ததற்கு, "ஆமா சார், வேலை முடிஞ்சதும் ஒண்ணு" என்று உண்மையை அப்படியே எடுத்து நீட்டியவன். அன்றிலிருந்து, புகை விடுகிறவன் என்று, கட்டடத்தில் அவன் பெயர் மேகம். எது உடைந்தாலும் மேகம். எது தாமதமானாலும் மேகம். அவனும் அதற்கு ஏற்றாற்போலத்தான் இருந்தான். வந்ததும் பசை இழுக்கும் கரண்டியைத் தொட மாட்டான். கால் மணி நேரம் குத்துக்காலிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருப்பான். பெண் பார்க்க வந்தவன்கூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டான்.

"மத்தியானத்துக்குள்ள உங்க தம்பியை அனுப்பிடுங்க. இல்லேன்னா அடுத்த கட்டடம் உங்களுக்குக் கிடையாது," என்றார் சூப்பர்வைசர்.

"சரி சார்."

சொல்லிவிட்டாள். கூடப் பிறந்தவனைக் கைகழுவ அந்த ஒரு வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது என்று பிறகுதான் உறைத்தது. நடைவழியை நடுவில் கோடு போட்டுப் பிரித்து ஆளுக்கொரு பக்கமாக ஒட்டிக்கொண்டே வருவது அவர்கள் வழக்கம். மூன்று மாடி, மூன்றும் ஒரே அச்சு. எந்த மாடியில் யார் எந்தப் பக்கம் ஒட்டினார்கள் என்று அவளுக்கு இப்போது ஞாபகம் இல்லை. ஆனால் மோசமான பக்கம் எதுவோ அது அவனுடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

கீழே பசை குழைத்துக்கொண்டிருந்த தம்பியை மேலே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் நாற்பத்தோரு கல்லையும் ஒரு பார்வை பார்த்தான்.

"சரிக்கா. கரண்டியைக் கழுவி வச்சுட்டுப் போறேன்."

"அவ்வளவுதானா? உனக்கு ரோஷமே கிடையாதா? அந்தக் கருமத்தை இழுத்து இழுத்து மூளையே மழுங்கிப் போச்சுடா உனக்கு."

"அது சாயங்காலம்க்கா. இது காலையில ஒட்டினது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் லட்சணத்தை நீயே பார் என்று உளியை எடுத்து ஒரு கல்லின் விளிம்பில் கொடுத்து நெம்பினாள். பானை மூடியைத் திறந்ததுபோல் கல் முழுசாகக் கையோடு வந்தது. அடியில் பசை காய்ந்து கிடந்தது. அதில் பல் வைத்த கரண்டி இழுத்த தடங்கள், வட்டம் வட்டமாக.

அவள் அந்த வட்டங்களின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

கையெழுத்துப் போலத்தான் அது. கரண்டியை இழுக்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். தம்பி ஒரே திசையில், நேர்க்கோடாகத்தான் இழுப்பான். கல்லை அழுத்தும்போது காற்று அந்தக் கோடுகள் வழியாக வெளியேற வேண்டுமாம். பசை மூட்டையின் மேல் அச்சடித்திருப்பதை முழுதாகப் படித்த ஒரே ஆள் அந்தக் கட்டடத்தில் அவன்தான். குழுவில் வட்டமாக இழுக்கிற கை ஒன்றே ஒன்று. அது அவளுடையது.

அந்த நாள் இப்போது தெளிவாக ஞாபகம் வந்தது. அவன் வழக்கம்போல் தரையை முறைத்துக்கொண்டிருந்தான். வேலை என்றால் என்னவென்று இவனுக்குக் காட்டுகிறேன் என்று இவள் பத்துக் கல்லுக்கான பசையை ஒரே மூச்சில் பரப்பி, சுழற்றிச் சுழற்றி ஒட்டித் தள்ளினாள். அவனுக்கு மூன்று மணி நேரம் முன்னால் முடித்தாள். குழுவே கைதட்டியது. அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"அன்னிக்கே தெரியும். கல்லு வைக்கறதுக்கு முன்னாடியே பசை காய்ஞ்சுடுச்சுக்கா. சொன்னேன். மேகம் மழையைப் பத்திப் பேசுதுன்னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சே."

"இப்ப ஏன்டா வாயை மூடிட்டு நிக்கற?"

"என் பேரு ஏற்கெனவே டேமேஜ். இன்னும் நாற்பத்தோரு கல்லு ஏறினா தெரியவா போவுது? உன் பேரு போனா எட்டுப் பேருக்கு வேலை போகும்." அவன் குனிந்து, பெயர்த்த கல்லை இருந்த இடத்திலேயே பொருத்தி வைத்தான். "மூடிட்டேன். நீ போய்ச் சாப்பிடு."

அப்படியே விட்டுவிட அவளுக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். யாரும் பார்க்கவில்லை. சூப்பர்வைசர் முடிவு கட்டிவிட்டார். அவனும் தயார். ஆனால் அவன் அந்தக் கல்லைப் பொருத்திய விதத்தைப் பார்த்தாள். தன்னைத் துரத்தப் போகிற கல்லைக்கூட, நான்கு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் வைத்தான்.

படிக்கட்டுப் பக்கம் போய்க் கத்தினாள். "சார்! மேல வாங்க! எல்லாரும் வாங்க!"

வந்தார்கள். கல்லை மறுபடி தூக்கிக் காட்டினாள்.

"இது என் கை சார். நாற்பத்தொண்ணும் நான் ஒட்டினது. நானே பேர்த்து மாத்தித் தரேன்."

சூப்பர்வைசர் சிரித்தார். "தம்பியைக் காப்பாத்தறீங்க. கஞ்சா அடிக்கிறவன் எப்படி வேலை செய்வான்னு எனக்குத் தெரியாதா?"

"இழுக்கிறான் சார். எனக்கு ஆகவே ஆகாது. தினமும் திட்டறேன், இனிமேலும் திட்டுவேன். அது எங்க வீட்டுச் சண்டை. ஆனா சோம்பேறின்னு மட்டும் சொல்லாதீங்க. இத்தனை நாளா நானும் சொல்லிட்டிருந்தேன். சந்தேகம்னா அந்தப் பக்கம் அவன் ஒட்டின ஏதாவது ஒரு கல்லைத் தூக்கிப் பாருங்க."

சூப்பர்வைசர் உளியை வாங்கிக்கொண்டார். வலது பக்கத்தில் ஒரு கல்லின் விளிம்பில் வைத்து நெம்பினார். அசையவில்லை. சுத்தியலைக் கேட்டு வாங்கி உளியின் தலையில் அடித்தார். ஒன்று. இரண்டு. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். மூன்று, நான்கு. மூலையில் நகத்தளவு சில்லு தெறித்ததே தவிரக் கல் பெயரவில்லை. சிரிக்க வந்தவர்கள் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள். இத்தனை நேரம் தனக்காக ஒரு வார்த்தை பேசாத தம்பி, தன் முதுகில் அடி விழுவதுபோல் நெளிந்தான்.

"சார், நல்ல கல்லு சார். பாவம், விட்டுடுங்க."

அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். அவள் முகம் பூரித்துக் கிடந்தது.

"சும்மா இருடா. அடிக்கட்டும்."

சூப்பர்வைசர் நெற்றி வேர்வையைத் துடைத்தார். உள்ளங்கையில் எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டு, இருப்பதிலேயே பெரிய உளியைக் கேட்டுக் கையை நீட்டினார்.