புவானலி எசேக்கியேல் ஆனதை எழுதலாமா?

1

இந்தக் கதை என் மனத்தில் தானாக ஊறியது அல்ல. ஒரு கமிட்டிக் கூட்டத்தில், இரண்டாவது தேநீருக்குப் பிறகு என் தலையில் கட்டப்பட்டது.

மங்கோச்சியில் எங்கள் பள்ளிவாசலுக்குச் சிறப்பு மலர் ஒன்று அச்சுப் போடுகிறார்கள். தலைவர் ஹாஜி தைபு சொன்னார்: "மலாவியில எங்க திரும்புனாலும் சர்ச்சுதான். அதுக்கு நடுவுல நாம எப்படிக் காலம் தள்ளுனோம்னு நாலு பக்கம் எழுதிக் குடு வாத்தியாரே. கிண்டல் கேலி வேணாம்."

நான் பூகோள வாத்தியார். ஆறுகளைப் பற்றிக் கேட்டால் சொல்வேன். இருந்தாலும் உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'கீழைக் கடற்கரை வணிகர்களோடு எங்கள் ஏரிக்கரைக்கு ஒளி வந்தது. அந்த ஒளி...' அதே வணிகர்களோடு துப்பாக்கியும் அடிமைச் சந்தையும் வந்தன. வாக்கியம் அங்கேயே படுத்துவிட்டது.

இரண்டாவது: 'என் அம்மாவின் தாய்மாமன் புவானலி ஒரு மாவீரர்.' கோழி அறுக்கும்போதே அவருக்குக் கை நடுங்கும் என்று குடும்பத்துக்கே தெரியும்.

நடந்ததையே எழுதிவிடுகிறேன்.

2

1931. மிஷன் குமாஸ்தா ஒருவர் நம்பூமா என்ற எங்கள் ஊருக்கு வந்தார். கிணறு வெட்டப்போகிறோம் என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார். ஊரில் எழுத்தறிந்தவர் முவாலிமு ஆசனி மட்டும்தான். பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவர். அவருக்கு அரபு எழுத்து அத்துபடி, வெள்ளைக்காரன் எழுத்து தெரியாது. அதை ஒப்புக்கொள்ளக் கூச்சம். தாளை வலமிருந்து இடமாக ஒருமுறை பார்த்து, "நல்ல காரியம், வைங்க" என்றார். நாற்பது பேர் கைநாட்டு வைத்தார்கள்.

(முவாலிமுவின் பேரன்மார் இதை மறுக்கிறார்கள். தாளை அவர் இடமிருந்து வலமாகவும் பார்த்தாராம்.)

கிணறு வரவில்லை. பதிலுக்கு முளைக்குச்சியும் அளவுக் கயிறும் வந்தன, எங்கள் முன்னோரை அடக்கிய மையவாடிக்கு.

புவானலி மிஷனுக்குப் போய், "அந்தத் தாள்ல என்னங்கய்யா எழுதியிருக்கு?" என்று கேட்டார். ஹார்க்னெஸ் பாதிரியார் சிரித்தார்.

"வாசிக்கத் தெரிஞ்சா நீயே வாசிச்சுக்கலாம்."

"அப்ப கத்துக்குடுங்க."

"ஞானஸ்நானம் வாங்காதவனுக்கு இங்க பெஞ்சு கிடையாது."

இப்படித்தான் அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் படிக்காமல் போனார்கள். படிப்பில் வெறுப்பில்லை. பள்ளிக்கூடத்தின் வாசல் தண்ணீருக்குள் இருந்தது. (இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் அலங்காரமாகத்தான் எழுதிவிட்டேன். இருக்கட்டும்.)

3

புவானலி தண்ணீரில் இறங்கினார். வயது முப்பத்திரண்டு. எசேக்கியேலாக எழுந்து வந்தார்.

எங்கள் வழக்கப்படி புருஷன்தான் பெண்டாட்டி ஊரில் குடியிருக்க வேண்டும். அதனால் அவருடைய மனைவி அபிதிக்கு வேலை சுலபமாக முடிந்தது. பாயைச் சுருட்டி வெளியே எறிந்தாள்.

"ஏய், நான்தான்டி!"

"எது நான்தான்? எசேக்கியேலுக்கு இங்க களி கிண்டுறதில்ல. புவானலின்னு ஒருத்தர் இருந்தாரு, அவரைப் பாத்தா வரச் சொல்லு."

இரண்டு வருஷம் அவர் மிஷன் சமையற்கட்டின் பின்னால் படுத்தார். காலையில் முதல் வகுப்புப் பெஞ்சில், ஏழு வயதுப் பொடிசுகளுக்கு நடுவே, முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார். ஊர்ச் சந்தையில் அவரோடு யாரும் பேசவில்லை. அது அவருக்கு வலித்ததா என்று எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். வலிக்காமல் இருந்திருக்குமா?

4

இரண்டாம் வருஷம் அவருக்கு அலுவலக அலமாரியைத் துடைக்கும் வேலை கிடைத்தது. அங்கே அந்தக் கைநாட்டுத் தாளும் கிடைத்தது. ஞாயிறன்று வேதம் வாசிக்க அவரைக் கூப்பிட்டார்கள். தாளைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். எழுத்துதான் வெள்ளைக்காரனுடையது, மொழி எங்கள் யாவோ. நிறுத்தி நிறுத்தி வாசித்தார்:

"நம்பூமா ஊராராகிய நாங்கள், எங்கள் மூதாதையர் அடங்கிய நிலத்தை, மனமுவந்து, மிஷன் விடுதி கட்டக் கொடுக்கிறோம்..."

பழைய ஏற்பாடுதான் என்று நினைத்து முன்வரிசை "ஆமென்" சொன்னது.

மூன்றாவது வரிசையிலிருந்து ஏடித் எழுந்தாள். சர்ச்சுத் துணி துவைக்கிறவள், பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவச்சி. "நில்லுய்யா! அங்கதானே எங்கம்மாவைப் பெத்தவ கெடக்கா. எவன் குடுத்தான்?"

பாதிரியார் "உட்காரு" என்றார். அவள் உட்காரவில்லை. பாதிப் பேரின் பாட்டன் பூட்டன் அந்த மண்ணில்தான் இருந்தார்கள். சபை முழுக்க எழுந்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு மையவாடிக்கு நடந்தது. எதிரே எங்கள் ஆட்கள் அடிதடி என்று பயந்து கம்போடு வந்தார்கள். ஏடித்தான் முதல் முளையைப் பிடுங்கினாள். அப்புறம் கம்புகளும் அதே வேலையைச் செய்தன.

விடுதியை வேறு இடத்தில் கட்டினார்கள். புவானலியைச் சபையிலிருந்து நீக்கினார்கள்.

முவாலிமு ஆசனி அவரைத் தழுவிக்கொள்ளவில்லை. "எல்லார் முன்னாலயும் தவுபா கேளு, அல்லாகிட்ட மன்னிப்புக் கேளு" என்றார்.

"எதுக்கு? எழுத்துப் படிச்சதுக்கா?"

"முங்குனதுக்கு."

"அன்னிக்கு வெயில் கொளுத்துச்சு, முவாலிமு."

ஊரே சிரித்தது. முவாலிமு சிரிக்கவில்லை. அபிதியும் சிரிக்கவில்லை. ஆனால் பாயை உள்ளே எடுத்து விரித்தாள்.

5

கமிட்டியில் இதுவரை வாசித்தேன். பொருளாளர் இருமினார். ஹாஜி தைபு, "முங்குன இடத்தை மட்டும் எடுத்துடு" என்றார்.

"அதை எடுத்தா அவர் எப்படி வாசிச்சாரு, ஹாஜியார்?"

"அல்லா குடுத்த அறிவுன்னு எழுது."

(அந்த முடிவையும் எழுதிப் பார்த்தேன்: 'தாளைப் பார்த்ததும் எழுத்துகள் தாமாகப் பேசின...' கை கூசியது. சர்ச் மலரில் வேறொரு முடிவு இருக்கிறதாம்: எசேக்கியேல் கடைசிவரை மனத்துக்குள் விசுவாசி. அதை எழுதியவருக்கு அந்த மனத்தின் விலாசம் யார் கொடுத்தது?)

"சரி, ஒண்ணு சொல்லு," என்றார் ஹாஜி. "தண்ணிக்குள்ள போறப்ப அவரு நெசமாவே மாறிட்டாரா, இல்ல நடிச்சாரா? அதையாவது தெளிவா எழுது."

"தெரியாது. முவாலிமுகிட்ட ஒண்ணு சொல்லியிருக்காரு, அபிதிகிட்ட ஒண்ணு, எங்கம்மாகிட்ட வேற ஒண்ணு." பிறகு, கேட்கக்கூடாததைக் கேட்டேன்: "உங்க பள்ளிக்கூட சர்டிபிகேட்ல வில்சன்னு இருக்கே ஹாஜியார். அந்தப் பேரை வைக்கிறப்ப நீங்க என்ன நெனச்சீங்க?"

அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களின் சர்டிபிகேட்டுகளில் ஒரு டேவிட்டும் இரண்டு பீட்டரும் உண்டு.

ஹாஜி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "பேரை மாத்துனவங்களுக்குக் கஞ்சி ஊத்துவாங்கன்னு சொன்னாங்க," என்றார். "நான் கஞ்சியை நெனச்சேன்."

புவானலி எதை நினைத்தார் என்ற வரியை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தோன்றினால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும் முன், உங்களுக்கு யாராவது பெயர் மாற்றியபோது நீங்கள் எதை நினைத்தீர்கள் என்று ஒருமுறை யோசித்துவிடுங்கள்.