கடல் தெரியும் அறை

காரில் இருந்தவர்கள் நான்கு பேர். ஸ்டியரிங் பிடித்த மருமகன், வழி சொல்கிறேன் என்று அவனைக் குழப்பிய மகன், பின்சீட்டில் மகள், அவள் பக்கத்தில் முப்பத்தொரு வருஷம் இதே கடற்கரைச் சாலையில் பஸ் ஓட்டி ரிட்டையரான அப்பா.

"அப்பாவுக்குக் கடல்னா உயிரு," என்றாள் மகள், கண்ணாடியை இறக்கிவிட்டு.

அவருக்கு எரிச்சலாக வந்தது. பஸ் ஓட்டுகிறவன் கடலையா பார்ப்பான்? ரோட்டைப் பார்ப்பான். கடல் அவருக்குத் தந்ததெல்லாம் கண்ணில் மணலும் பஸ்ஸில் துருவும்தான். இதுகூடத் தெரியாமல் இரண்டும் வளர்ந்து ஆளாகிவிட்டன.

கரையோரம் வரிசையாகப் பெரிய வீடுகள். அலையைப் பார்க்கவென்று சுவர் உயரத்துக்குக் கண்ணாடி வைத்து, வெயில் தாங்காமல் அதற்குத் திரையும் போட்டிருந்தார்கள். மணலில் ஜனம் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

"இறங்கி நடக்கலாமாப்பா?"

"எதுக்கு? செருப்புல மண்ண அள்ளிக்கிட்டு வரவா?"

மகன் காட்டிய இடத்தில் கார் நின்றது. வாசலில் முதியோர் இல்லம் என்று பலகை. மருமகன் டிக்கியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தான். அது அவருடைய பெட்டி. அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

மாடி அறை. ஜன்னல் கீல் இறுகிப்போய் மக்கர் செய்தது. மகன் தோளைக் கொடுத்துத் தள்ளித் திறந்தான்.

"பாருங்கப்பா, படுத்துக்கிட்டே கடலைப் பார்க்கலாம். உங்களுக்காகவே தேடிப் புடிச்சோம்."

"வீட்டை என்ன பண்றதா உத்தேசம்?"

"வித்துடலாம்னு," என்றான் மகன்.

"நாங்க குடி வரலாம்னு," என்றாள் மகள், அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். மருமகன் செல்போனில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"உங்க ரெண்டு பேருக்கும் கடல் புடிக்கும்ல?"

"புடிக்கும்பா," என்றாள் மகள், கொஞ்சம் தயங்கி.

"அப்ப நீங்களே இங்க இருங்க. ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துட்டுப் போறேன்."

பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார். திரும்பும் வழியெல்லாம் மகள் மூக்கை உறிஞ்சினாள். "அவனவன் கடல் பக்கத்துல இடம் கிடைக்காதான்னு அலையறான். இவருக்கு வலிக்குது," என்று முணுமுணுத்தான் மகன்.

வீட்டு வாசலில் மகளும் மருமகனும் காரை விட்டு இறங்கவில்லை. கதவை மகன்தான் தன்னிடமிருந்த சாவியால் திறந்தான். திறந்த கையோடு தன் வீடு மாதிரி உள்ளே போய் ஃபேனைப் போட்டான். அவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"சாவி."

"ஒரு அவசரத்துக்கு எங்கிட்ட இருக்கட்டும்பா."

"உன் அவசரத்தைத்தான் இன்னைக்குப் பார்த்தேனே."

மகன் சாவியை மேஜைமேல் போட்டுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியேறினான். அவன் கடைசிப் படியில் கால் வைப்பதற்குள் அவர் கதவைச் சாத்தி, உள்ளிருந்து இரண்டு சுற்றுப் பூட்டினார்.