அல்சர் என்றுதான் சொன்னார்கள்

என் தங்கை சன்மதி லண்டனில் டாக்டர். ஊர் லீட்ஸாம், எங்கள் கீழ்பென்னாத்தூருக்கு வெள்ளைக்காரன் ஊரெல்லாம் லண்டன்தான். தொண்ணூற்று மூன்றில் போனவள், எட்டு வருஷம் ஆகிறது. அவள் ஏன் திரும்பவில்லை என்பதற்கு என் கடலை மண்டிக்கு வருகிறவர்களிடம் ஆளுக்கொரு காரணம் உண்டு. பணம் என்பார்கள். குளுகுளு ஊர் பழகிவிட்டது என்பார்கள். நான் எதையும் நம்பவில்லை. எனக்குக் கோபம் மட்டும் இருந்தது. மண்டிக்குப் பக்கத்திலேயே அவளுக்காக ஒரு கிளினிக் கட்டிப் பூட்டி வைத்திருக்கிறேன். அவள் வீட்டுக்காரரும் "நீ எங்கயோ நானும் அங்க" என்று சொல்லிவிட்ட நல்ல மனிதர். பிறகு வருவதற்கு என்ன கேடு?

போன ஐப்பசியில் எனக்கு வயிற்று வலி. மெட்ராஸில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு என் மனைவி குணமதியிடம் பேசினார். வெளியே வந்தவள் அல்சர் என்றாள். அன்றோடு வீடு மாறிவிட்டது. எதைச் சொன்னாலும் வள்ளென்று விழுகிறவள், "சரிங்க, சரிங்க" என்கிறாள். மூட்டைக்கு இரண்டு ரூபாய் குறைக்க மல்லுக்கட்டும் வியாபாரிகள், நான் சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறார்கள். மனுஷனுக்குப் பயம் வர இது போதாதா? இந்த வீட்டுக்குக் குடிபோனதற்கே வராத சன்மதி, நான் கூப்பிடாமலே நேற்று வந்து இறங்கினாள்.

இன்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்து நானும் அவளும் மாடிக்குப் போனோம். நான் ஆரம்பித்தேன்.

"இங்க இல்லாதது அங்க இன்னாமா இருக்குது?"

"போறதுக்கு முன்ன திருவண்ணாமலையில ஒரு நர்சிங் ஹோம்ல வேலை பாத்தேன் இல்ல? அடி அண்ணாமலையிலருந்து ஒரு அம்மா வந்தாங்க, திரௌபதினு பேரு. ‘நான் பொழைப்பனா டாக்டரம்மா’னு என் கையப் புடிச்சிக்கினு கேட்டாங்க. பின்னால நின்ன புள்ளைங்க, சொல்லாதீங்கனு கை ஆட்டறாங்க. நல்லா ஆய்டும்னு சொன்னேன். அந்தம்மா பெரிய பொண்ணுகிட்ட சண்டை போட்டுப் பேசாம இருந்தாங்க. நல்லா ஆனப்பறம் பேசிக்கலாம்னு வுட்டுட்டாங்க. பேசாமலே செத்துட்டாங்க."

"அதுக்காவா நாட்ட வுட்டுப் போன?"

"போனது படிக்கத்தாண்ணா. தங்கிட்டதுதான் அதுக்காவ. அங்க நோயாளி கேட்டா நோயாளிகிட்டயே சொல்லணும். இங்கன்னா தினம் ஒருத்தர் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லணும். என்னால முடியலண்ணா."

என்னைத் தாண்டி அவள் கண் போவதைக் கவனித்துத் திரும்பினேன். மாடிப்படியில் குணமதி நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப, எனக்கு இன்னானு நீ சொல்லு" என்றேன் தங்கையிடம்.

"அல்சர் இல்லண்ணா. கேன்சர். கல்லீரலுக்கும் போய்டிச்சி."

குணமதி படியிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. காதை அடைத்திருந்த தண்ணீர் வெளியேறியதுபோல் இருந்தது. இரண்டு மாதமாக இந்த வீட்டில் நான் தனியாகப் பயந்துகொண்டிருந்தேன். இனி மூன்று பேரும் சேர்ந்து பயப்படலாம். சன்மதி மேல் இருந்த கோபமும் எங்கேயோ போய்விட்டது. கிளினிக்கை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"லீவு எத்தினி நாளு போட்டிருக்க?"

"ரெண்டு மாசம்."

"பத்துமா?"

என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"பத்தும்ணா."