கட்டிலுக்கு அடியில் பன்னிரண்டு பாட்டில்

பாய்லர் சத்தம் போட்டால் பயப்பட வேண்டியதில்லை. சத்தம் போட்டுக்கொண்டிருந்த பாய்லர் திடீரென்று வாயை மூடிக்கொண்டால்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். முப்பத்துநான்கு வருஷம் பாய்லர் இன்ஸ்பெக்டராக இருந்த நான் இதை எத்தனையோ ஆலைகளில், எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது கொஞ்சம் கைச்சரக்கும் சேர்ப்பது வழக்கம். ஓர் ஆலையின் கூரை பறந்துபோய் மூன்றாம் நாள்தான் தரைக்கு வந்தது என்பேன். வந்தபோது அதன்மேல் ஒரு காக்கை கூடு கட்டிக் குஞ்சும் பொரித்திருந்தது என்பேன்.

வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். "அப்பா என்ன சொன்னாலும் பத்தால வகுத்துக்கணும்" என்பது என் மகள் கண்டுபிடித்த சூத்திரம். போன வியாழக்கிழமை அந்தச் சூத்திரம்தான் அவள் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

என் மனைவி தலைமையாசிரியை. சனிக்கிழமை அவளுக்குப் பணி ஓய்வு, மாலையில் வீட்டில் விருந்து. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, பட்டுப்புடவை வைர மோதிரம் என்றெல்லாம் சொல்லாமல், "ஒரு தடவை ஓட்டல்ல குடிச்சோமே, ஆரஞ்சு வாசனையா, மூக்குல சுருக்குனு ஏறுமே, ஜின் போட்டது... அதுல ஒரு கிளாஸ்" என்றாள். தலைமையாசிரியை வாய் திறந்து கேட்டது கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. விடுவேனா?

காக்டெய்ல் என்பது பெரிய வித்தை இல்லை. உயரமான கண்ணாடி டம்ளரில் பனிக்கட்டி, ஒரு பங்கு ஜின், ஒரு பங்கு ஆரஞ்சுச் சாறு, அரை எலுமிச்சை. மேலே நுரை பொங்கும் ஏதாவது ஒன்று. விளிம்பில் ஆரஞ்சுத் தோலை வெள்ளை ஒட்டாமல் சீவி ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால் அதன் எண்ணெய் தெறித்து வாசனை தெருமுனை வரைக்கும் போகும். எங்கள் தெரு ரொம்ப நீளம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நுரைக்குக் கடைச் சோடாவை ஊற்றுவதாவது! அழுத்தத்தோடு வாழ்ந்தவன் நான். நுரையை நானே உண்டாக்குவது என்று முடிவு செய்தேன்.

ஆரஞ்சுத் தோலை ஊறவைத்த தண்ணீர், எலுமிச்சைச் சாறு, அரை லிட்டர் பாட்டிலுக்கு இரண்டே ஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை ஈஸ்ட். பன்னிரண்டு கண்ணாடிப் பாட்டிலையும் கம்பி க்ளிப் போட்ட மூடியால் இறுக்கிவிட்டு இருட்டில், வெதுவெதுப்பான இடத்தில் மூன்று நாள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுவிட்டு வாயுவை விடும். வெளியே போக வழி இல்லாத வாயு தண்ணீரிலேயே கரைந்து காத்திருக்கும். அழுத்தம் எவ்வளவு என்று கண்ணாடிப் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தால் தெரியாது. அதனால் பதின்மூன்றாவதாக ஒரு பிளாஸ்டிக் பாட்டிலிலும் அதே கலவையை ஊற்றிச் சமையலறையில் வைத்துக்கொண்டேன். அமுக்கிப் பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும். அதுதான் என் அழுத்தமானி. கருவி இல்லாமல் கைவைக்கிறவன் இன்ஸ்பெக்டரா?

ஈஸ்ட் கொடுத்தவன் என் மச்சினன், பேக்கரி மாஸ்டர். அக்காவின் விருந்துக்குக் கேக் செய்ய ஒரு வாரம் முன்னாடியே வந்து இறங்கியிருந்தான். இருட்டான இடம் கொடுத்தவள் மகள். முப்பது வயதானாலும் எங்களுக்கு அவள் பாப்பாதான். ஆஸ்பத்திரியில் நைட் ட்யூட்டி பார்க்கும் நர்ஸ். காலை எட்டரைக்கு வந்து படுத்தால் மாலைவரை தூக்கம். அவள் அறைத் திரை வருஷம் முழுக்க மூடியே இருக்கும். திங்கட்கிழமை சாயங்காலம், சுவரை ஒட்டிய கட்டிலுக்கு அடியில், வாசல் பக்கமாக, இரண்டு வரிசையில் பன்னிரண்டு பாட்டிலையும் அடுக்கினோம்.

செவ்வாய்க்கிழமை நானும் மச்சினனும் மாறி மாறி டார்ச் எடுத்துக்கொண்டு தவழ்ந்து போய்ப் பார்த்தோம். ஆறாவது தடவை பாப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்ப்பா, இது வீடா, கோழி அடைகாக்குற இடமா? மாமா, நீங்களுமா?"

"ஒரு நிமிஷம்மா, குமிழி வந்திருக்கானு..."

"எனக்குக் கொப்புளம் வந்துரும். ரெண்டு பேரும் வெளியே!"

புதன்கிழமையிலிருந்து உள்பக்கம் தாழ்ப்பாள். காதில் நுரைப்பஞ்சு, கண்ணுக்குக் கறுப்புத் துணி. தலையணைக்கு அடியில் இருக்கும் போனிலும் வார்டு நம்பர் ஒன்று மட்டும்தான் அதிரும்படி வைத்திருந்தாள். பெற்ற அப்பன் நூறு தடவை கூப்பிட்டாலும் அது ஊமைதான்.

வியாழக்கிழமை பதினொன்றரை மணி. மனைவி பள்ளிக்கூடத்தில், பாப்பா உறக்கத்தில். ஒத்திகைக்காகப் பிளாஸ்டிக் பாட்டிலை அமுக்கிப் பார்த்தேன். கிரிக்கெட் பந்து மாதிரி இல்லை, டென்னிஸ் பந்து மாதிரி, சரியான பதம். திறந்தேன். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. இரண்டு டம்ளரில் பனிக்கட்டி, ஜின், சாறு, மேலே என் நுரை. குடித்தேன். தேவலோகத்தில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றால் அப்போதே விண்ணப்பம் போட்டிருப்பேன்.

மச்சினன் ஒரு வாய் குடித்து உதட்டைப் பிதுக்கினான்.

"நல்லாத்தான் இருக்கு அத்தான். ஆனா பொங்குறது பத்தாது. பரவாயில்ல, உள்ள இருக்கிறது பட்டையைக் கிளப்பும்."

"ரெண்டும் ஒரே சரக்குதானேடா மாப்ளே."

"அது எப்படி ஒண்ணாகும்? இதுக்கு யாரு சாப்பாடு போட்டா?"

"சாப்பாடா?"

"நீங்க ரெண்டு ஸ்பூன் சக்கரை போட்டீங்களே, அது ஈஸ்டுக்குக் கொலைப்பட்டினி அத்தான். முப்பது வருஷமா மாவு பிசையறேன், எனக்குத் தெரியாதா? பசிச்ச ஈஸ்ட் உப்பாது. திங்கக்கிழமை அடுக்குறதுக்கு முன்னாடி நீங்க ஜின் வாங்கப் போனீங்கல்ல, அப்ப ஒவ்வொரு பாட்டிலையும் திறந்து நாலு நாலு ஸ்பூன் போட்டு மூடிட்டேன். இந்த பிளாஸ்டிக்கை மட்டும் விட்டுட்டேன், இது வெறும் சாம்பிள்தானே?"

சொல்லிவிட்டுப் பாராட்டுக்காக என் முகத்தைப் பார்த்தான்.

ரொட்டி மாவுக்கு நாலு ஸ்பூன் அல்ல, நாற்பது போட்டாலும் ஆபத்தில்லை. மாவில் ஆயிரம் ஓட்டை, வாயு போய்க்கொண்டே இருக்கும். பாட்டிலில் ஓட்டை இல்லை. மூன்று மடங்கு சர்க்கரை. மூன்றாவது நாள். ஜன்னல் மூடிய அறை, வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. என் அழுத்தமானி மூன்று நாளாக எனக்கு வேறு ஏதோ ஒரு பாய்லரின் கணக்கைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் பன்னிரண்டு பாட்டிலுக்கும் மேலே, ஒரு மெத்தை தள்ளி, என் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பாதி டம்ளரை அப்படியே மேஜையில் வைத்தேன்.

"என்ன அத்தான்? அதிகமாயிருச்சா?"

"மாப்ளே, சத்தம் போடாம வா."

அறைக் கதவில் காதை வைத்தேன். மின்விசிறி ஓடும் சத்தம். அதற்கு அடியில், மிக மெல்லியதாக, டிக் என்று ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிக். மூடியின் கம்பி இழுபடும்போது அப்படித்தான் கேட்கும்.

மச்சினன் கதவைத் தட்டக் கையை ஓங்கினான். பிடித்துக்கொண்டேன். மெதுவாகத் தட்டினால் அவளுக்குக் கேட்காது. உடைக்கிற மாதிரி தட்டினால் தரை அதிரும். அதையும் மீறி எழுந்தால் என்ன செய்வாள்? உலகத்தில் எல்லோரும் செய்வதைத்தான். கட்டிலின் பக்கவாட்டில் இரண்டு காலையும் தொங்கப்போடுவாள், பன்னிரண்டு பாட்டிலுக்கும் நேர் முன்னால்.

"அப்போ நான் ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஜன்னலை..."

"ஜன்னல்ல கம்பி இருக்குடா. அந்த வார்டு நம்பர் எங்கே?"

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. அழைத்தேன். தலைமை நர்ஸ் எடுத்தார்.

"வணக்கம்மா, நான் உங்க நைட் ட்யூட்டி நர்ஸோட அப்பா..."

"ஓ! கூரை பறந்த அப்பாவா?" அந்தம்மா சிரித்தார். "காக்கா குஞ்சு பொரிச்சுதே, அவர்தானே? சொல்லுங்க சார், இன்னிக்கு எது பறந்துச்சு?"

வாழ்க்கையில் விதைத்ததையெல்லாம் ஒரே நேரத்தில் அறுவடை செய்தது அந்த நொடிதான்.

"அம்மா, நீங்க அவளுக்கு போன் பண்ணி எழுப்பணும். உங்க நம்பர் மட்டும்தான் அடிக்கும். கட்டிலுக்கு அடியில பாட்டில் இருக்கு."

"என்ன பாட்டில்?"

"ஜின்னுக்கு... விருந்துக்குப் பண்ணின சோடா."

"சார்," குரலில் சிரிப்பு போய் சலிப்பு வந்தது. "அந்தப் பொண்ணு பன்னிரண்டு மணி நேரம் நின்னுட்டுப் போயிருக்கு. விளையாட்டுக்கு எழுப்பச் சொல்றீங்களா?"

என் வாயில் ஆயிரம் வார்த்தை வந்து நின்றது. அணுகுண்டு, எரிமலை, தெருவே மிஞ்சாது, எல்லாம் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றையும் விழுங்கினேன்.  பிறகு, அறிக்கை எழுதுகிற குரலில் பேசினேன்.

"பன்னிரண்டு கண்ணாடி பாட்டில். அரை லிட்டர். ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போடவேண்டிய இடத்துல ஆறு ஸ்பூன் போட்டிருக்கு. மூணு நாள் ஆச்சு. அவ ரூம் உள்ள தாழ் போட்டிருக்கு."

"வெடிச்சிருமா?"

"தெரியாது."

எதிர்முனையில் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது.

"வெடிக்கலாம். வெடிக்காமலும் போகலாம். எனக்குத் தெரியலம்மா."

"சார்," என்றார் மெதுவாக, "இப்பதான் எனக்கு பயமா இருக்கு. என்ன சொல்லணும்?"

"காலைப் பக்கத்துல தொங்கப்போட வேண்டாம். கால்மாட்டுப் பலகையைத் தாண்டி இறங்கச் சொல்லுங்க. அங்கிருந்து கதவுக்கு நாலு எட்டு."

வைத்தார். நாங்கள் கதவடியில் நின்றோம். மச்சினன் விருந்தினர் அறை மெத்தையை இழுத்துவந்து கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தான். உள்ளே போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. நாலாவது அழைப்பில், தூக்கம் குழைந்த குரல்: "சொல்லுங்க சிஸ்டர்... என்னது?... ம்... ம்."

அப்புறம் சத்தமே இல்லை. பிறகு கட்டில் கிறீச்சிட்டது. எத்தனையோ ஆலையில் எத்தனையோ சத்தம் கேட்டிருக்கிறேன். ஒரு மரக்கட்டில் முனகியதற்குக் கதவுப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

பட்டென்று ஒன்று வெடித்தது.

பட்டாசு மாதிரி இல்லை. யாரோ பெரிய கையால் அறைக்கு ஓர் அறை விட்ட மாதிரி. கண்ணாடி தரையில் சிதறி ஓடிவந்து கதவின் அடிப்பக்கத்தில் மோதியது. கதவிடுக்கில் ஆரஞ்சு வாசனையோடு ஈரம் கசிந்தது. மச்சினன் மெத்தைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"பாப்பா!"

"பலகை மேல நிக்கிறேன்." அவள் குரல் மேலிருந்து வந்தது. "காதுப் பஞ்சை எடுத்துட்டேன். எத்தனைப்பா வெடிச்சுது?"

"ஒண்ணு."

"நிஜமா?"

"ஒண்ணுதான். பதினொண்ணு இருக்கு."

"கீழ முழுக்க கண்ணாடி. செருப்பு கட்டிலுக்கு அடியில போயிருச்சு."

"தலையணையை எட்டின தூரத்துக்குப் போடு. அதுமேல கால் வை. போர்வையை மடிச்சு அடுத்ததா போடு. திரும்பிப் பார்க்காதே. அவசரப்படாதே."

"அவசரப்படாதேன்னு நீங்க சொல்றதா!" என்றாள். அந்த நிலையிலும் சொன்னாள். அது என் பெண்.

தொப்பென்று தலையணை. ஓர் எட்டு. போர்வை. ஓர் எட்டு. தாழ்ப்பாள் பாதி நகர்ந்து சிக்கியது. நான் இந்தப் பக்கம் கதவை என்பக்கம் இழுத்துப் பிடித்தேன், தாழ் தளர்ந்து விலகியது. கறுப்புத் துணியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பாப்பா வெளியே வந்தாள். மச்சினன் மெத்தையோடு கதவை அறைந்து சாத்தவும் இரண்டாவது வெடித்தது. அதன் அதிர்ச்சியில் மூன்றாவது, நாலாவது. கதவில் கண்ணாடி தைக்கும் சத்தம், ஆணி அடிக்கிற மாதிரி கேட்டது.

அவள் குதிகாலில் ஒரு கீறல். தானே உட்கார்ந்து, இடுக்கியால் ஒரு சில்லை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நகக்கண் அளவுகூட இல்லை. அதை என் உள்ளங்கையில் வைத்தாள்.  

மூன்று மணிக்குள் எட்டு போய்விட்டது. நாலரைக்கு மனைவி வந்தாள், கைநிறையப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பூங்கொத்துகளோடு. அறைக்கு எதிரே மூன்று நாற்காலி போட்டு நாங்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். கதவடியில் முட்டுக்கொடுத்த மெத்தையைப் பார்த்தாள். என்னிடம் கேட்காமல் மகளிடம்தான் கேட்டாள். பாப்பா ஆரம்பத்திலிருந்து சொன்னாள்.

மனைவி தம்பி பக்கம் திரும்பினாள். ஆயிரத்து இருநூறு பிள்ளைகளை அசையாமல் நிறுத்துகிற குரல்.

"எத்தனை ஸ்பூன்?"

"நாலுக்கா."

"யாரைக் கேட்டுப் போட்டே?"

மச்சினன் எழுந்தே நின்றுவிட்டான். "ஈஸ்டுக்குப் பசிக்குமேன்னு..."

"நீங்க?" இப்போது என்னிடம். "மூடினதை அப்புறம் ஒரு தடவையாவது திறந்து பார்த்தீங்களா?"

"இல்லை," என்றேன். 

"இன்னும் உள்ள எத்தனை இருக்கு?"

"நாலு."

அவள் கதவையே பார்த்தாள். பூங்கொத்துகளை மேஜைமேல் வைத்தாள். சாப்பாட்டு மேஜையிலிருந்து நாலாவது நாற்காலியை, கால் தரையில் உரசாமல் தூக்கிக்கொண்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அறைக்குள் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மேற்கு வெயில் அந்தப் பக்கச் சுவரில் ஏற ஆரம்பித்திருந்தது.

சுவர் அதிர்ந்தது. மேஜையிலிருந்து ஒரு பூங்கொத்து உருண்டு கீழே விழுந்தது.

"மூணு," என்றான் மச்சினன், நின்றபடியே.