காலி ஹோட்டலில் ஒரு வெள்ளிக்கிழமை

யுத்தம் முடிந்து பட்டாளம் வெளியேறிய பிறகு, காலி நகரத்துக் கோட்டைக்குள் கடலைப் பார்த்து நின்ற அந்தப் பழைய ஹோட்டலுக்குப் புதுப் பூச்சுப் பூசி, புதுக் கட்டில்கள் போட்டுத் திறந்தார்கள். கொட்டாஞ்சேனையில் இரண்டு அறை வீட்டில் இருக்கிற எங்களுக்கு அங்கே என்ன வேலை? என் புருஷன் நோபேட்டுக்கு வேலை இருந்தது. அவர் வேலை செய்த கப்பல் கம்பனிக் கந்தோரில் சீஃப் கிளாக் பதவிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். கந்தோருக்குத் தலைவராகப் புதிதாக வந்த ஹார்வி துரை அந்தச் சனி ஞாயிறு அங்கேதான் தங்கப்போகிறார் என்று பியோன் சொல்லிவிட்டான்.

"துரை தற்செயலாக் கண்ட மாதிரி இருக்க வேணும், ஐறீன்," என்றார். எனக்குச் சப்பாத்து வாங்கித் தந்தார். கல்யாணம் முடித்துப் பதினாறு வருஷத்தில் அவர் வாங்கித் தந்த முதல் சப்பாத்து. அது காலைக் கடித்தது.

வெள்ளிக்கிழமை பின்னேர ரயிலில் போய் இறங்கினோம். அறையில் பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை. கதவில், யுத்தகாலத்தில் தங்கியிருந்த ஏதோ ஒரு சிப்பாய் கத்தியால் கீறிய பெயர் பூச்சுக்கு அடியில் அப்படியே தெரிந்தது.

நினைத்தபடியே துரை எங்களைக் கண்டார், இராச்சாப்பாட்டுக்குத் தன் மேசைக்கே கூப்பிட்டார். நோபேட்டுக்குத் தலைகால் புரியவில்லை. துரை மீன் கேட்டார். நானும் மீன் கேட்டேன். வெள்ளிக்கிழமை எங்கள் வேதத்தில் சுத்தபோசனம், இறைச்சி ஆகாது. வீட்டில் வெள்ளியன்று முட்டைக்கறியில் இறைச்சிக் கரண்டி பட்டதற்கே சட்டியைக் கவிழ்த்த மனிதர் இவர். அந்த மனிதர் ரோஸ்ட் மாட்டிறைச்சி கேட்டார்.

மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

"சும்மா இரும்," என்றார் தமிழில். "வெள்ளைக்காரர் எல்லாம் இங்கிலிஷ் சேர்ச், எங்கட வேதமில்லை. துரை ருசிக்கு மீன் தின்னுறார். நாங்கள் வெள்ளிக்கெண்டு மீன் எலும்பு பொறுக்கினால் எங்களைப் பட்டிக்காடு எண்டு நினைப்பினம்."

பிறகு துரையிடம் இங்கிலீஷில், நாங்கள் பெயருக்குத்தான் கத்தோலிக்கர், சுவாமிமாரின் சட்டமெல்லாம் படிக்காத சனத்துக்குத்தான் என்று சொல்லிச் சிரித்தார். துரை சிரிக்கவில்லை. தன் மீனைச் சாப்பிட்டு முடித்தார்.

ஞாயிறு காலையில் அங்கேயிருந்த மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போனோம். முன்வாங்கில் செபமாலையோடு முழங்காலில் இருந்தார் ஹார்வி துரை.

நோபேட்டுக்கு முகம் வெளிறிவிட்டது. நற்கருணை நன்மை வாங்கத் துரை எழும்பியதும் இவரும் எழும்பினார். நான் அவருடைய கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தேன்.

"இருங்கோ! வெள்ளியில இறைச்சி திண்டிட்டு, சுவாமியிட்டப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் போகப்படாது. சாவான பாவம்!"

"விடும். நான் போகாட்டி, பாவத்தோட இருக்கிறன் எண்டு அவருக்கு விளங்கிடும்."

போய்த் துரைக்குப் பக்கத்திலேயே முழங்காலில் நின்று நாக்கை நீட்டினார். துரை ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதரின் பெண்சாதி என்று அந்தக் கோயிலில் இருக்கவே பிடிக்கவில்லை. நான் நன்மை வாங்கப் போகவில்லை. அவ்வளவு ஆத்திரத்தோடு எப்படிப் போவது? வாசலில் துரை எனக்கு மட்டும் தொப்பியைத் தூக்கினார்.

அடுத்த கிழமை பதவி கிளறன்ஸுக்குப் போனது. கந்தோரில் எல்லாருக்கும் தெரிந்த குடிகாரன் அவன். ஆனால் குடிப்பதை அவன் ஒருநாளும் மறைத்ததில்லை.

"எல்லாம் உம்மாலதான்," என்றார் நோபேட். "நீர் மீன் கேட்டபடியாத்தான் துரைக்கு வித்தியாசம் தெரிஞ்சது. என்னோட சேர்ந்து இறைச்சி கேட்டிருந்தால் ஒண்டும் நடந்திராது."

வெள்ளிக்கிழமை வரட்டும் என்று இருந்தேன். வந்ததும் மாட்டிறைச்சி வாங்கி, மிளகு போட்டுக் கறி வைத்து, சட்டியோடு அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"என்ன இது? இண்டைக்கு வெள்ளியெல்லே!"

"ஓம், வெள்ளிதான். சாப்பிடுங்கோ. இஞ்ச துரை இல்லை, நான்தான் இருக்கிறன்."

சட்டியைக் கவிழ்த்தார். சிலுவை அடையாளமும் போட்டுக்கொண்டார். நிலத்தைக் கழுவித் துடைத்தது நான்தான்.