ஒத்திகையில் சொன்னது

எங்கள் சீனியர் கந்தவேல் சாருக்கு ஒரு பழக்கம். கட்சிக்காரர் கூண்டில் ஏறுவதற்கு முன்னால் ஜூனியர்கள் இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைப்பார். ஒருவர் கட்சிக்காரர், இன்னொருவர் எதிர்த்தரப்பு வக்கீல். கட்சிக்காரராக உட்காருகிறவர் எதையும் மறைக்கக் கூடாது. எங்கே வலிக்குமோ அதை முதலில் சொல்ல வேண்டும். "ஆபீஸ்ல பேசுனது ஆபீஸோட" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார்.

சுகன்யாவின் வழக்குக்கு நான் சுகன்யாவாக உட்கார்ந்தேன். அவள் மல்லசமுத்திரத்துக்காரி. விவாகரத்து முடிந்துவிட்டது, ஏழு வயது மகள் யாரிடம் வளர்வது என்பதுதான் வழக்கு. அதுவரை பாப்பா அவளிடம், சனி ஞாயிறு மட்டும் அப்பாவிடம். என்னை நம்பி அவள் ஒன்றைச் சொல்லியிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்பு புருஷனிடம் அடி வாங்கிய ஒரு நாள், பாப்பாவை சங்ககிரி பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்து, கையில் கொய்யாப்பழத்தைக் கொடுத்துவிட்டு, எங்காவது போய்ச் செத்துவிடலாம் என்று தனியாக பஸ் ஏறியிருக்கிறாள். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஓடி வந்துவிட்டாள். அவளைப் பெற்றவளுக்கே இது தெரியாது.

ஒத்திகையில் எதிர்த்தரப்பு வக்கீலாக என்னைக் குடைந்தது கலையரசன். இரண்டு வருடம் என் டிபன் பாக்ஸில் பாதியைத் தின்றவன். நான் சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும் ஏமாந்தேன்.

வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக இழுத்தது. அதற்குள் அவன் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, இளம் வக்கீல்களைப் பற்றிய டிவி சீரியலுக்குக் கதை எழுதச் சென்னைக்குப் போய்விட்டான். திருச்செங்கோடு கோர்ட்டே பெருமைப்பட்டது. சீரியலில் ஜூனியர் டீ வாங்கப் போவதும் சீனியர் கத்துவதும் அப்படியே எங்கள் ஆபீஸ். "எங்க ஆளு எழுதறது, பாருங்க" என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன். சுகன்யாவிடமும் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை சீரியலில் ஒரு தாய் குழந்தையை பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்தாள். குழந்தையின் கையில் கொய்யாப்பழம். சுகன்யாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கலையரசனுக்குப் போட்டேன், எடுத்தான்.

"பேரு, ஊரு எல்லாம் மாத்திட்டனே நர்மதா. சீரியல்லயே அதுதான் நல்ல சீனுன்னு டைரக்டர் சொல்றாரு."

"அது சீன் இல்லடா. அந்தப் பொண்ணோட உசுரு."

"அவங்க இதெல்லாம் எங்க பாக்கப் போறாங்க?"

"நான்தான்டா பாக்கச் சொன்னேன்."

"கூப்படறாங்க, பொறவு பேசறேன்" என்று வைத்துவிட்டான். துரோகி. இதைவிட மரியாதையான வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை சுகன்யா கூண்டில் நின்றாள். எதிர்த்தரப்பு வக்கீல் ஆனந்தகுமார் நிதானமாக எழுந்தார்.

"சனிக்கிழமை கொழந்தை அப்பா ஊட்ல டிவி பாத்துட்டு இருந்துச்சு. 'எங்கம்மாவும் என்னை இப்படித்தான் உட்டுட்டுப் போச்சு'ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுச்சு. நிசமாம்மா?"

சுகன்யா அவரைப் பார்க்கவில்லை. ஜட்ஜையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள்.

கந்தவேல் சார் துள்ளி எழுந்தார். ஏன் அப்படிச் செய்தாய், ஏன் திரும்பி ஓடி வந்தாய் என்று மாற்றி மாற்றிக் கேட்டார். அவளைக் காப்பாற்றக்கூடிய பதில் அது ஒன்றுதான். ஒத்திகையில் அவளுக்காக நான் அழுதுகொண்டே சொன்ன பதில். அவள் வாயைத் திறக்கவே இல்லை. இனி எங்களிடம் எதையும் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டாள் போலிருந்தது.

வழக்கு முடியும்வரை பாப்பா அப்பாவிடமே இருக்கட்டும் என்று உத்தரவானது. வராண்டாவில் அவள் பின்னாலேயே ஓடினேன். கலையரசன், ஒத்திகை, எங்கள் பழக்கம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். குரலில் கோபமே இல்லை.

"அதெல்லாம் இருக்கட்டுங்க மேடம். இதச் சொன்னதுக்கு டிவிக்காரங்க உங்களுக்கு எவ்வளவுங்க குடுத்தாங்க?"